காட்டு நடைப்பயணம்: எதிர்பார்க்க வேண்டுவன யாவை?

(மலையடிவார ஊராட்சிகளின் உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது ஒன்றியத்தின் மலையடிவார ஊர்களிலிருந்து ஐவர் கொண்ட முதற்குழு, தேக்கடியிலுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் மூன்று பகல் நடந்து இரண்டு இரவு தங்கி வரும் பொருட்டு அடுத்த மாதம் புறப்பட இருக்கிறது. ஒரு தடவைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் அங்கே அழைத்துச் செல்வதில்லை. ஆதலின் ஏனையோர் பின்னர்ச் செல்வார்கள். பயணச் செலவை அவரவரே ஏற்றுக்கொண்டிருப்பது பாராட்டுதற்குரியது. செல்கின்றவர்கள் எவற்றை எதிர்பார்க்கலாம், எவற்றை எதிர்பார்த்தல் ஆகாது என்பதை எடுத்துச் சொல்லுமாறு தலைவர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அந்த நடையை முன்னரே மேற்கொண்டவன் என்ற முறையில் சில செய்திகளைக் கூற முற்படுகிறேன்.

"யானையும் பன்றியும் தாமாகவே நம் தோட்டத்திற்கு வருகின்றன. அவற்றைப் பார்க்க நாம் பணம் கொடுத்துக் காட்டுக்குப் போக வேண்டுமா?" என்று உழவர் ஒருவர் சற்று முன்பு கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே இரவில் நூறு வாழையை இழந்தவரிடம் யானையின் அழகைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆனால் நாம் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. இரண்டு காரியங்களைக் கற்றுவரப் போகிறோம். ஒன்று, காட்டின் அடையாளங்களைப் படித்தறியும் முறை. மற்றொன்று, ஒரு காலத்தில் காட்டைத் திருடிப் பிழைத்தவர்கள் இன்று அதைக் காத்துப் பிழைக்கும் வகை. இந்த இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கு இப்பயணம் பயன் தரும். வேங்கையைப் பார்த்தே தீர வேண்டும் என்று நடப்பவர் பெரும்பாலும் ஏமாற்றத்துடனேயே திரும்புவார்.

அக்காடு நமக்கு அயலானதன்று

பெரியாறு காப்பகம் கேரள மாநிலத்தில் இருக்கிறது. எனினும் அது நமக்கு அயல் நாடன்று. 1895ஆம் ஆண்டில் பென்னிகுயிக் துரையவர்கள் கட்டி முடித்த அணையினால் தேங்கிய ஏரிதான் அக்காட்டின் நடுவே பரந்து கிடக்கிறது. மேற்கு நோக்கி ஓடிய ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களும், அதற்கப்பால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரையில் உள்ள வயல்களும் அந்நீரை நம்பியுள்ளன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஏரியைச் சூழ்ந்த சோலைகளும் புல்வெளிகளும் மழை நீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றன. மரம் போனால் மண் போகும். மண் போனால் ஏரி தூரும். ஆகவே அங்கே ஒரு மரம் வெட்டுப்படுவது இங்கே ஒரு மடையைப் பாதிக்கும் காரியமேயாகும்.

1934ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு ஏரியைச் சூழ்ந்த காட்டை விலங்குகளின் புகலிடமாக அறிவித்தது. 1978ஆம் ஆண்டில் அது புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுரக் கிலோ மீட்டர். ஏரியில் நீங்கள் காணும் பட்ட மரங்களைக் கவனியுங்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீருக்குள் நிற்கும் மரங்கள் அவை. அணை கட்டப்படுவதற்கு முன்பு அந்தப் பள்ளத்தாக்கும் காடாகவே இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. இப்போது நீர்க்காகங்கள் அவற்றின் மீது அமர்ந்து இறகு உலர்த்துகின்றன.

வழி காட்டுவோர் யார்?

நம் குழுவினருடன் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகளும், துப்பாக்கி ஏந்திய வனக் காவலர் ஒருவரும் வருவார்கள். இந்த வழிகாட்டிகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது அவசியம்.

இலவங்கப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த காட்டு மரம் ஒன்று அப்பகுதியில் உண்டு. அதை அங்கே வயணை என்பார்கள். அதன் பட்டைக்குச் சந்தையில் விலை இருந்தமையால், குமுளியைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்ந்த சிலர் காட்டுக்குள் பல நாட்கள் மறைந்து தங்கி, மரங்களை வெட்டிச் சாய்த்துப் பட்டை உரித்து, கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து விற்றனர். உணவுக்காக வேட்டையும் ஆடினர். இலாபத்தின் பெரும்பகுதி வாங்கி விற்ற வணிகருக்கே சென்றது. சுமந்தவருக்குக் கிடைத்தவை வழக்கும், வாய்தாவும், வக்கீல் கட்டணமும், எந்த இரவில் கதவு தட்டப்படுமோ என்ற அச்சமுமே.

1996ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் இந்தியாவின் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. பெரியாறு அவற்றுள் ஒன்று. அங்கிருந்த வன அலுவலர்கள் இந்தப் பட்டைத் திருடர்களை வேட்டையாடிப் பிடிப்பதோடு நில்லாமல், அவர்களுடன் அமர்ந்து பேசவும் முன்வந்தனர். அதன் விளைவாக 1998ஆம் ஆண்டில் 23 பேர் ஒன்று சேர்ந்து ஒரு குழுவாயினர். அவர்கள் மீதிருந்த வழக்குகளைத் திரும்பப் பெற வனத்துறை இசைந்தது. காட்டுக்குள் களவு நடக்கும் வழிகளையும் மறைவிடங்களையும் காட்டிக் கொடுத்துக் காவலுக்கு உதவுவதாக அவர்கள் உறுதியளித்தனர். பிழைப்புக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததே இந்தக் காட்டு நடைப்பயணம். விருந்தினரிடமிருந்து வரும் கட்டணம் குழுவின் பொது நிதியில் சேருகிறது. அதிலிருந்து உறுப்பினர்கள் ஊதியம் பெறுகின்றனர்.

அன்பர்களே! இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் புதிதாகத் தொழில் ஒன்றும் கற்பிக்கவில்லை. எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், எந்த மேட்டில் யானை படுக்கும், இருளில் எந்தத் தடத்தில் இறங்கலாம் என்பன அவர்களுக்கு முன்னரே தெரியும். திருட்டுக்குப் பயன்பட்ட அறிவு காவலுக்குத் திருப்பி விடப்பட்டது, அவ்வளவே. ஆற்றைத் திருப்பிய இடத்திலேயே மனிதரின் அறிவையும் திருப்பியிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

பச்சை, பழுப்பு, சாம்பல் முதலிய மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிதல் வேண்டும். வெள்ளை வேட்டியும் கரை போட்ட துண்டும் ஊராட்சிக் கூட்டத்திற்கு ஏற்றவை. காட்டில் அவை தொலைவிலேயே நம்மைக் காட்டிக் கொடுக்கும். வாசனைத் தைலம், வாசனைப் பவுடர் ஆகியவற்றைத் தவிர்க்கவும். புதுச் செருப்பையோ புதுக் காலணியையோ அன்றுதான் முதன்முதலாக அணிந்து செல்லாதீர்கள். பழகாத காலணி முதல் நாள் மாலைக்குள் குதிகாலைக் கொப்புளிக்கச் செய்யும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை மூன்று நாட்களுக்கு உரியதைவிடச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இருதய நோய், இழுப்பு, முழங்கால் வலி உடையவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி நடப்பது நலம். வயல் வேலைக்குப் பழகிய உடம்பாயிற்றே என்று எண்ண வேண்டாம். சமனான வரப்பில் நாள் முழுதும் நடப்பவருக்கும் ஏற்றத்தில் மூட்டையுடன் நடப்பது வேறு அனுபவமாகும்.

மூட்டை என்றேன். கூடாரம், படுக்கைப் பை, அரிசி, பருப்பு, காய்கறி, பாத்திரம் யாவும் நாமும் வழிகாட்டிகளும் சுமந்து செல்ல வேண்டியவையே. அங்கே கடை கிடையாது, சாலை கிடையாது, கைத்தொலைபேசிக்குப் பெரும்பாலான இடங்களில் தொடர்பும் கிடையாது. வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். இல்லையேல் அவர்கள் வீணே கவலைப்படுவார்கள்.

பீடி, சுருட்டு, மது ஆகிய மூன்றும் ஆகா. மிட்டாய்க் காகிதம் முதல் நெகிழிப் பை வரையில் கொண்டு சென்ற ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நடை எவ்வாறு இருக்கும்?

காலையில் தேக்கடியில் கூடியதும் துணியால் தைத்த நீண்ட காலுறைகளைத் தருவார்கள். அவற்றைக் காற்சட்டைக்கு மேல் முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இது அட்டைக்குக் காப்பு. மழைக் காலத்தில் அட்டைகள் மிகுதி. காலுறையின் மேல் மூக்குப்பொடியோ உப்போ தடவுவது வழக்கம். அவ்வாறு செய்தும் ஒன்றிரண்டு ஏறத்தான் செய்யும். ஏறியதைப் பிடுங்கி எறியாமல், சிறிது உப்பைத் தூவினால் தானே விழுந்துவிடும். இரத்தம் உறையாதிருக்கும் பொருளை அட்டை நம் உடலில் செலுத்துவதால் கடிவாயில் சற்று நேரம் குருதி கசியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தாற் போதும்.

ஏரியின் கிளை ஒன்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தபின் நடை தொடங்குகிறது. முன்னே ஒரு வழிகாட்டி, பின்னே ஒரு வழிகாட்டி, இடையே நாம் ஒற்றை வரிசையில் செல்ல வேண்டும். இளங்காலையிலும் மாலையிலும் விலங்குகள் நடமாடுவதால் அந்நேரங்களில் நடந்து, வெயில் ஏறியபின் நிழலில் தங்குவது முறை.

எல்லாவற்றிலும் கடினமானது மௌனம்! ஊராட்சிக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசாதிருப்பதே நம்மிற் பலருக்கு இயலாத காரியம். அங்கே மணிக்கணக்கில் பேசாமல் நடக்க வேண்டும். வழிகாட்டி கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். தாழ்த்தினால் குனிய வேண்டும். முதல் நாள் இது தொல்லையாகத் தோன்றும். இரண்டாம் நாள் காது திறந்துகொள்ளும். அதுவரை வெறும் இரைச்சலாகக் கேட்ட காடு, தனித்தனிக் குரல்களாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

எவற்றைக் காணலாம்?

ஏரிக்கரையில் யானைக் கூட்டம், புல்வெளியில் காட்டுமாடு, கடமான், காட்டுப்பன்றி ஆகியவற்றைக் காண வாய்ப்பு அதிகம். மரங்களில் கருமந்தியும் மலையணிலும் உண்டு. நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிப்பதைக் காணலாம். இருவாட்சிப் பறவை பறக்கும்போது அதன் சிறகோசையே தொலைவில் கேட்கும். செந்நாய், கரடி ஆகியவை சிலருக்குத் தென்படும். வேங்கை மிக மிகச் சிலருக்கே தென்படும். நான் காணவில்லை. ஆனால் அது அங்கே இருப்பதைக் கண்டேன். அதாவது அதன் அடையாளங்களைக் கண்டேன்.

அடையாளம் என்பது என்ன? ஈர மண்ணில் பதிந்த அடித்தடத்தில் நான்கு விரல்களும் உள்ளங்கால் மெத்தையும் இருந்து, நகக்குறி இல்லையெனில் அது பூனைக் குலத்தது. நகக்குறியும் இருந்தால் பெரும்பாலும் நாய்க் குலத்தது; செந்நாயாக இருக்கலாம். மரப்பட்டையில் ஆள் உயரத்தில் நீள நீளமான கீறல் இருந்தால் வேங்கை தன் எல்லையைக் குறித்திருக்கலாம். கடமான் மணியடித்தாற்போல் ஒரு குரல் எழுப்பினாலோ, கருமந்தி உச்சிக் கிளையிலிருந்து விடாமல் கத்தினாலோ, வேட்டை விலங்கு ஏதோ அருகில் நகர்கிறது என்று பொருள்.

யானையின் அடையாளங்களை நாம் அனைவருமே கற்க வேண்டும். இலத்தி ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் யானை அண்மையில் இருக்கிறது. ஒடிந்த கிளையில் இலை வாடாமலும் பால் உலராமலும் இருந்தாலும் அவ்வாறே. முன்னங்கால் தடத்தைக் கயிற்றினால் சுற்றி அளந்து அதை இரட்டித்தால், தோள் வரையுள்ள உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இதை உங்கள் தோட்டத்திலேயே அளந்து பார்க்கலாம். வந்தது பெரிய ஆண் யானையா, குட்டியுடன் கூடிய கூட்டமா என்பது அதனால் விளங்கும். பயிர்ச் சேதத்திற்கு விண்ணப்பம் எழுதும்போது "விலங்கு தின்றுவிட்டது" என்று பொதுவாக எழுதுவதற்கும், இன்ன விலங்கு, இத்தனை, இந்தத் திசையிலிருந்து வந்தது, தடம் இது என்று அளவுடன் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ வரை தழை தின்னும். அதற்காக அது ஓயாமல் நடக்கிறது. அதன் தடம் மலையில் ஏற்றம் குறைந்த வழியாகவே, நீரை நோக்கியே செல்லும். வழிகாட்டிகள் அந்தத் தடங்களை உங்களுக்குக் காட்டுவார்கள். ஊர் திரும்பியபின் உங்கள் ஊர் எல்லையில் அத்தகைய தடம் எது, அதன் குறுக்கே நாம் என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்பதைப் பாருங்கள். வேலியும் அகழியும் எங்கே வேண்டும் என்று வனத்துறையிடம் கேட்பதற்கு அந்த அறிவு துணை செய்யும்.

இரவும் உணவும்

பகல் சாயும் முன்பே முகாம் அமைக்கப்படும். கூடாரத்தில் இருவர் இருவராகப் படுக்கலாம். வழிகாட்டிகளே சமைக்கிறார்கள். சோறு, குழம்பு, காய்கறி, அப்பளம், தேநீர் என்று உணவு எளியதாக இருக்கும். நாள் முழுதும் நடந்தவனுக்கு அது விருந்தாகவே தோன்றும். குடிநீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். ஓடை நீர் தெளிவாக இருப்பதைக் கண்டு அள்ளிக் குடித்துவிடாதீர்கள். இரவில் நெருப்பு வளர்த்து, வழிகாட்டிகள் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். இயற்கைக் கடன் கழிக்கச் செல்வதானாலும் அவர்களிடம் சொல்லாமல் கூடாரத்தை விட்டு அகலக் கூடாது.

குமுளிப் பகுதியில் தமிழ் பேசாதவர் அரிது. ஆகவே நெருப்பருகே அமர்ந்து அவர்களுடன் உரையாடுங்கள். காட்சிகளைப் பற்றி மட்டுமன்றி, குழுவின் கணக்கைப் பற்றியும் கேளுங்கள். பணம் யார் கையில் இருக்கிறது, கூட்டம் எப்போது கூடுகிறது, ஒருவர் நோயுற்றால் குடும்பத்திற்கு என்ன வழி, விருந்தினர் வராத மழை மாதங்களில் என்ன வருவாய் என்று கேளுங்கள்.

ஆபத்தும் கட்டுப்பாடும்

காட்டில் ஆபத்து இல்லை என்று சொல்லுவது பொய்யாகும். ஆபத்தை அறிந்தவன் சொல்லைக் கேட்டு நடப்பதே பாதுகாப்பு. நான் சென்றபோது இரண்டாம் நாட்காலையில் முன்னே நடந்த வழிகாட்டி சட்டென நின்றுவிட்டார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்று மாறியிருப்பதையும் மூங்கிற் புதரில் ஒரு முறிவோசை கேட்டதையும் அவர் கவனித்திருந்தார். அரை மணி நேரம் காத்திருந்தோம். பின்னர் அவர் அந்த வழியையே கைவிட்டு, எங்களை நெடுந்தொலைவு சுற்றி அழைத்துச் சென்றார். எங்களுள் ஒருவருக்கும் யானையைப் பார்க்காத குறை இருந்தது. இருப்பினும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவ்வாறே நீங்களும் நடந்துகொள்ள வேண்டும். ஊரில் ஒருவர் தலைவராக இருக்கலாம். மற்றொருவர் பெரும் நிலக்கிழாராக இருக்கலாம். காட்டுக்குள் வழிகாட்டியே தலைவர்.

பிடிமானத்துக்காகக் கிளையைப் பற்றுமுன் பார்த்துப் பற்றுங்கள். பச்சை நிறக் குழிவிரியன் கிளையோடு கிளையாகச் சுருண்டிருக்கும். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. உறுப்பை அசையாமல் வைத்து, விரைவில் மருத்துவமனை சேர்ப்பதே வழி. ஊர் திரும்பியபின் இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டில் நடந்து வந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உண்ணிகளாலும் புதரிலுள்ள நுண்பூச்சிகளாலும் வரும் காய்ச்சல்கள் உண்டு. தக்க மருந்து உடனே தொடங்கினால் அவை பெரும்பாலும் குணமாகும்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நமது தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நேர்ந்ததை யாவரும் அறிவீர்கள். நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புல் காய்ந்த கோடை மலையில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். அந்தத் துயரத்திற்குப் பின்னர், அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், வனத்துறையின் மேற்பார்வையில் 40 நடைத்தடங்கள் தமிழ்நாட்டில் திறக்கப்பெற்றன. மலையோர ஊர்களையும் பழங்குடி மக்களையும் சேர்ந்த இளைஞர்கள் அவற்றுக்கு வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். அனுமதி இன்றி, வழிகாட்டி இன்றி, தீக்காலத்தில் காட்டுக்குள் எவரையும் அழைத்துச் செல்லவோ, செல்பவருக்கு நம் ஊரில் வழிவிடவோ கூடாது. இதை ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

நாம் கொண்டுவர வேண்டியது

பெரியாற்றில் இந்த 23 பேரோடு காரியம் நின்றுவிடவில்லை. காப்பகத்தைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் தோன்றின. மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் வழிகாட்டிகளாகவும் தெப்பம் செலுத்துபவர்களாகவும் பணி புரிகின்றனர். 2002ஆம் ஆண்டு முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஊதியம் எதிர்பாராமல் காட்டில் காவல் நடை நடந்து வருகின்றனர். தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இவற்றைக் கேட்டவுடன், நம் ஊரிலும் நாளையே ஒரு பயணத் திட்டம் தொடங்கிவிடலாம் என்று எண்ணுவோர் இருக்கலாம். அது அவ்வளவு எளிதன்று. தேக்கடிக்கு விருந்தினர் வரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு; நம் மலையடிவாரத்திற்கு அது இல்லை. அங்கேயும் குறைந்த எண்ணிக்கையினரையே உள்ளே அனுமதிக்கிறார்கள். கூட்டம் சேர்த்தால் காடும் கெடும், நடையும் கெடும். எனவே எல்லாருக்கும் இதனால் வேலை கிடைத்துவிடும் என்று யாரும் வாக்குறுதி அளித்துவிட வேண்டாம்.

ஆனால் அங்கே கையாண்ட முறை நமக்கும் உரியதே. நம் ஊர்களில் விறகுக்கும், மூங்கிலுக்கும், தேனுக்கும், கண்ணி வைத்துப் பிடிக்கும் முயலுக்கும் காட்டுக்குள் நுழைபவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாததன்று. அவர்கள் பெயரைக் கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். தீத்தடுப்புக் காவலர், யானை விரட்டும் குழுவினர், நடைத்தட வழிகாட்டி என்று ஏதேனும் ஒரு வேலை வரும்போது, காடே அறியாத உறவினர் மகனைச் சிபாரிசு செய்கிறோம். மலையைத் தெரிந்தவன் வெளியே நிற்கிறான். தெரியாதவன் உள்ளே அனுப்பப்படுகிறான். தீ வரும் நாளில் இதன் விலையை யார் கொடுப்பது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே செல்லும் ஐவரும் திரும்பி வந்து இந்த மன்றத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் எல்லையில் யானைத் தடங்கள் எவை? நம் ஊர்களில் காட்டை உண்மையாக அறிந்தவர்கள் யாவர்? அவர்கள் வழக்குக்கும் வாய்தாவுக்கும் அஞ்சாமல் நேர்மையாகப் பிழைக்க ஊராட்சி என்ன செய்யக்கூடும்? விடைகளை எழுத்தில் கொடுத்தால் ஒன்றியக் கூட்டத்தில் வைத்து, வனத்துறையினரையும் அழைத்துக் கலந்து பேச நான் ஏற்பாடு செய்வேன்.

நடந்து வருவோர் நலமே சென்று நலமே மீள்க என வாழ்த்தி அமைகிறேன்.